வெருட்டியதும் விரட்டியதும்

1

இந்த நகரத்தில் முப்பது ஆண்டுகளாகத் தமிழ் பேசிவருகிறேன். என் தமிழால் ஒரு மனிதர் காவல் நிலையத்து பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டது சென்ற மாதம்தான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். தமிழ் பேசும் மண்ணிலிருந்து தமிழ் பேசும் நகரத்துக்குப் போனவளுக்கு மொழியால் என்ன இடர் வந்துவிடும் என்று பருத்தித்துறையில் இருக்கும் என் தங்கை இன்னமும் கேட்கிறாள். கனடாவுக்கும் நோர்வேக்கும் போனவர்கள் புதிய மொழியைக் கற்றார்கள். அவர்கள் பிழையாகப் பேசினால் அது பிழை என்று கேட்பவருக்கு உடனே தெரிந்தது. எனக்கு வாய்த்த அந்நியம் வேறு வகை. இங்கே நான் சொல்வது எல்லோருக்கும் புரிகிறது. சில வேளைகளில், நான் சொல்லாத பொருளில் புரிகிறது.

வந்த புதிதில் அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தேன். ஒருநாள், "ஹெட்மிஸ்ட்ரஸ் எனக்குப் பேசினவ" என்று சக ஆசிரியையிடம் கண்கலங்கச் சொன்னேன். "பேசினாங்கன்னா சந்தோஷம்தானே, அதுக்கு ஏன் அழறீங்க?" என்றார் அவர். நமக்குப் பேசுவது என்றால் திட்டுவது. இவர்களுக்கு அது வெறும் கதைப்பது. இன்னொரு முறை ஆட்டோக்காரரிடம் "ஆறுதலாப் போங்கோ" என்றேன். மெதுவாகப் போகச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். அவர் வண்டியின் வேகத்தைக் குறைக்காமல் திரும்பிப் பார்த்து, "இன்னாமா, ஊட்ல எதுனா துக்கமா?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

என் கடவுச்சீட்டு இன்னமும் இலங்கையுடையது. தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் போய் உட்காருவேன். தாய்மொழி என்ற கேள்விக்குத் தமிழ் என்று சொன்னதும், அங்கே இருப்பவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு தமிழிலேயே, "வெளிநாட்டவர்தானே நீங்க?" என்று உறுதிப்படுத்திக்கொள்வார். இரண்டும் உண்மைதான்.

2

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பின், மயிலாப்பூரில் சட்ட நூல்கள் வெளியிடும் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். இந்தியாவின் குற்றவியல் சட்டம் புதிய பெயரோடு வந்தபோது பிரிவுகளின் எண்களும் மாறிவிட்டன. பழைய நூல்களையெல்லாம் திருத்தி மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. எண்களைச் சரிபார்ப்பதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை. எண்களுக்கு நடுவே இருந்ததை வாசிக்கத் தொடங்கியது என் சொந்த ஆவல்.

எண்கள் மாறினாலும் அடித்தளம் அப்படியே இருக்கிறது. நம் ஊர்த் தண்டனைச் சட்டக்கோவையும் இந்தியாவின் பழைய சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டதுதான் என்பதால், பாக்கு நீரிணைக்கு இரு கரையிலும் அடிப்படை ஒன்றே. ஒரு குற்றம் ஆவதற்குப் பெரும்பாலும் இரண்டு வேண்டும்: செய்த செயல்; அதைச் செய்த கணத்தில் இருந்த மனம். மனதுக்குள் ஒருவரைக் கொன்றுகொண்டே இருப்பவரைச் சட்டம் தொடுவதில்லை. கையால் கொன்றுவிட்டவரையும், அப்போது உன் மனம் எங்கே இருந்தது என்று கேட்ட பிறகே எடைபோடுகிறது. கொல்ல வேண்டும் என்றே செய்தாயா? சாவு நேரலாம் என்று தெரிந்தும் செய்தாயா? தெரிந்திருக்க வேண்டியதை அசட்டை செய்தாயா? எவ்வளவு கவனமாக இருந்தும் நேர்ந்துவிட்டதா? இறந்தவருக்கு நான்கும் ஒன்றுதான். செய்தவருக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாழ்க்கை. ஏழு வயது நிறையாத பிள்ளை எதைச் செய்தாலும் அது குற்றமே ஆகாது என்ற வரியில் நெடுநேரம் நின்றேன். அந்த வயதில் நான் செய்தவை நினைவுக்கு வந்து சற்று ஆறுதலாகவும் இருந்தது, இங்குள்ள பொருளில்.

இதையெல்லாம் வாசித்தபோது, நம் அன்றாடத் தமிழில் இந்தப் படிகள் எல்லாம் ஏற்கெனவே இருப்பதைக் கவனித்தேன். வேண்டுமென்றே செய்தான், தெரிந்தே செய்தான், தெரியாமல் செய்தான், கைதவறிச் செய்தான். கைதவறி என்பது எவ்வளவு நுட்பமான சொல்! குற்றத்தை ஆளிடமிருந்து எடுத்து அவர் கையிடம் கொடுத்துவிடுகிறது. கோப்பையை "உடைச்சுப்போட்டன்" என்றால் நான் நிற்கிறேன். "உடைஞ்சுபோச்சு" என்றால் கோப்பை மட்டும் கிடக்கிறது; ஆளே இல்லை.

ஆனால் பேருந்தில் கால் இன்னொருவர் மேல் பட்டுவிட்டால் அவரைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அங்கே மனம் எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பட்டது, அதனால் பொறுப்பு. சட்டம் விட்டுவிட்ட இடத்தில் பழக்கம் பிடித்துக்கொள்கிறது என்று நினைத்தேன்.

என் மகள் தாரணி, கணினி நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவள், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "அம்மா, நீ ப்ரூஃப் பாக்கறியா, எக்ஸாமுக்குப் படிக்கிறியா?" என்றாள். இங்கேயே பிறந்தவள். அவள் பேசும் தமிழில் என் தமிழின் ஒரு எழுத்துக்கூட இல்லை. சிறு வயதில் "ஓம்" என்று சொன்னதற்குப் பள்ளியில் யாரோ "சாமி கும்பிடறியா?" என்று சிரித்தார்களாம். அன்றிலிருந்து ஆமாம் என்றுதான் சொல்கிறாள். நான் திருத்த முயன்றதில்லை. எந்தப் பக்கமாகத் திருத்துவது?

3

எங்கள் தெரு மாடவீதியைத் தொடும் முனையில் மணி இளநீர் விற்கிறார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய தள்ளுவண்டிக்கு முன்னால் நிற்பது செல்வத்தின் ஆட்டோ. வண்டியை மறைத்துக்கொண்டு ஆட்டோ நிற்பதும், மணி கத்தியை ஓங்குவதும், செல்வம் துள்ளி விலகுவதும் அந்த முனையில் காலைதோறும் நடக்கும் நாடகம்.

அன்று காலையிலும் இளநீர் வாங்க நின்றேன்.

"இன்னா நைனா, ஆட்டோவ என் தலமேலயே ஏத்திக்கினு நிக்கிற? கஸ்டமர் எப்டி வருவான்?" என்றார் மணி.

"ஆட்டோ நிக்கிறதாலதான் உன் கடைய நாலு பேர் பாக்கறான். வாடக குடு."

"வெட்டிருவேன் பாத்துக்க."

"வெட்டு மச்சி. மொதல்ல டீச்சருக்கு அந்த இளநிய ஒயுங்கா வெட்டு. அப்பால என்ன வெட்டலாம்."

நான் சிரித்தபடி கீழே வைத்திருந்த பையை எடுக்கக் குனிந்தேன். குனியுமுன், மணி கத்தியை ஓங்கியதையும் செல்வம் துள்ளியதையும் கண்டேன். குனிந்தபோது கண்ணில் பட்டவை கால்கள் மட்டும். செல்வத்தின் கால்கள் பின்வாங்கின; வழக்கத்தைவிட அதிகமாகப் பின்வாங்கின. மணியின் ஒரு கால் வண்டியைத் தாண்டி முன்னுக்கு வந்தது. அடுத்து ஒரு ஸ்கூட்டரின் பிரேக், ஒரு சத்தம்.

ஸ்கூட்டரில் வந்த பெண் மெதுவாகத்தான் வந்தாள். ஆனாலும் செல்வத்தின் வலது கால் முறிந்துவிட்டது. தலையும் சாலையில் மோதி, பேச்சில்லாமல் கிடந்தார். அவரைத் தூக்கி, அவருடைய ஆட்டோவிலேயே கிடத்தி, அரசு மருத்துவமனைக்கு ஓட்டிப்போனவர் மணி.

4

செல்வத்தின் மனைவி தேவி புகார் கொடுத்தார். கணவர் நினைவில்லாமல் கிடக்கிறார். மணி கத்தியை ஓங்கினார் என்று தெருவில் நாலு பேர் சொல்கிறார்கள். வேறு என்ன செய்வார்? நண்பகலில் உதவி ஆய்வாளரும், வாக்குமூலம் எழுதும் ரைட்டரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான்.

காக்கிச் சட்டையைக் கண்டால் இன்றும் என் வாய் தானாக ஊருக்குப் போய்விடும். முப்பது ஆண்டுப் பழக்கம் அந்த நேரத்தில் துணைக்கு வருவதில்லை.

"பயப்படாதீங்கம்மா. பாத்தத சொல்லுங்க."

"அவர் சும்மா வெருட்டினவர் ஐயா. ஒவ்வொரு நாளும் வெருட்டுறவர்தான். கத்தியத் தூக்கி வெருட்ட, இவர் துள்ளி விலகினவர்."

"கத்தியத் தூக்கி வெரட்னாரு. தெனமும் வெரட்டுவாரு. அதான?" என்று எழுதிக்கொண்டே கேட்டார் ரைட்டர்.

"ஓம்."

"ஓம்னா?"

"ஆமாம்."

காவலரிடம் சொல்வதற்குச் சாட்சி கையெழுத்திடத் தேவையில்லை. மெய்ப்பில் அந்த வரியை நானே திருத்தியிருக்கிறேன். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்கலாம் என்பது மட்டும் தோன்றவில்லை.

மாலை நான்கு மணியளவில் மணியின் மனைவி வள்ளி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"டீச்சரம்மா, அவரு உங்களுக்கு இன்னா பாவம் பண்ணாரு? வயுக்க இளநியா பாத்துப் பாத்து வெட்டிக் குட்த்தாரே!"

"நான் அவருக்கு எதிரா ஒண்டும் சொல்லேல்லையே, வள்ளி."

"ஸ்டேஷன்ல சொல்றாங்கோ. சிலோன் டீச்சர் பக்கத்துலயே நின்னு பாத்தாங்களாம், கத்திய எட்த்துக்கினு வெரட்டினான்னு சொன்னாங்களாம். நாளைக்கு ஜட்ஜாண்ட நிறுத்தி உள்ள வெச்சிடுவாங்களாம்."

"ஓம், வெருட்டினவர் எண்டுதான் சொன்னனான். அதில என்ன பிழை?"

வள்ளி என்னைப் பார்த்த பார்வையை விளக்க மாட்டேன். உள்ளறையிலிருந்து தாரணி வெளியே வந்தாள்.

"அம்மா, இன்னொரு தடவ சொல்லு. மணி அண்ணன் என்ன பண்ணாருன்னு சொன்ன?"

"வெருட்டினவர்."

"உங்க ஊர்ல அப்படின்னா என்ன அர்த்தம்?"

"பயங்காட்டுறது. சும்மா பயங்காட்டுறது."

"ஐயோ அம்மா! இங்க வெரட்டறதுன்னா தொரத்தறது. பின்னாடியே ஓடித் தொரத்தறது!"

உங்க ஊர் என்று அவள் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. பின்னர்தான் கவனித்தேன்.

அந்தச் சொல் நமக்கு என்னவாக இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து "பே" என்று கத்திய அண்ணன் வெருட்டினான். சோதனைச் சாவடியில் துவக்கை நீட்டி, பிறகு போகவிட்ட சிப்பாயைப் பற்றியும், "வெருட்டிப்போட்டு விட்டுட்டான்" என்றுதான் வீட்டுக்கு வந்து சொன்னோம். அதைக் கேட்டவர்கள் மூச்சை விட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை, பயம் மட்டும்தான் காட்டினான் என்ற நிம்மதி அந்தச் சொல்லில் இருந்தது. மணியைக் காப்பாற்றும் சொல் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னேன்.

5

காவல் நிலையத்துக்கு நானும் தாரணியும் போனபோது மணி உள்ளே ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வேட்டியில் செல்வத்தின் இரத்தக் கறை காய்ந்திருந்தது. எங்களைக் கண்டதும் பழக்கதோஷத்தால் எழுந்து நின்றார். ஒரு காவலர் அதட்ட, மறுபடி உட்கார்ந்தார்.

உதவி ஆய்வாளர் இளைஞர், பொறுமையானவர். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"அம்மா, மத்தியானம் ஒண்ணு சொன்னீங்க, சாயங்காலம் ஒண்ணு சொல்றீங்க. நடுவுல அவன் பொண்டாட்டி உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கு. நான் என்னன்னு எடுத்துக்கறது? நீங்க வேற வெளிநாட்டுக்காரங்க. வாக்குமூலத்த மாத்தறீங்கன்னு நாளைக்கு யாராவது கெளப்பினா உங்களுக்குத்தான் தலைவலி."

அவர் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். பதிவு அலுவலகத்தின் நாற்காலி வரிசை கண்முன் வந்தது. அடுத்த புதுப்பித்தலுக்குப் போகும்போது என் பெயருக்கு எதிரே என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"சார், அவங்க மாத்தல. அதே வார்த்தையதான் இப்பவும் சொல்றாங்க. ஒரு நிமிஷம்" என்ற தாரணி கைப்பேசியை எடுத்து, பருத்தித்துறையில் இருக்கும் என் தங்கையை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள். எங்கே இருக்கிறோம் என்று அவள் சொல்லவில்லை.

"சித்தி, வெருட்டறதுன்னா என்ன?"

"ஏன் பிள்ளை, ஆர் உன்னை வெருட்டினது? கொம்மாவோ?"

"இல்ல சித்தி, அர்த்தம் சொல்லேன்."

"பயங்காட்டுறதடி. பேய் வருது எண்டு சின்னப்பிள்ளையள வெருட்டுறேல்லையே, அதுதான். கொம்மா தமிழ் ரீச்சர், அவவைக் கேக்காம என்னைக் கேக்கிறாய்!"

"பின்னாடி ஓடித் தொரத்தறது இல்லையா?"

"அது கலைக்கிறது. நாயைக் கலைக்கிறது, கோழியக் கலைக்கிறது. என்ன பிள்ளை நீ, ஒரு தமிழும் தெரியாம வளந்திருக்கிறாய்?"

ரைட்டர் வாயைப் பொத்திக்கொண்டார். உதவி ஆய்வாளர், "நாங்க கூட்டத்தத்தான்மா கலைப்போம்" என்றார். அந்த அறையில் முதல்முறையாக எல்லோரும் சிரித்தார்கள். பெஞ்சிலிருந்த மணியும், என்னவென்று புரியாமலே.

பிறகு உதவி ஆய்வாளர் பேனாவை எடுத்தார். சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியது.

"சரிம்மா. தொரத்தலன்னு எழுதிக்கறேன். ஆனா ஒரு கேள்வி. கத்திய ஓங்கினவன் நின்ன எடத்துலயே நின்னானா, முன்னாடி வந்தானா?"

கேட்கக்கூடாத கேள்வி என்று மனம் சொன்னது. கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான் என்று அதே மனம் சொன்னது. குனிந்திருந்தேன், பார்க்கவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. வாசலில் வள்ளி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொல்லைத் திருத்தத்தான் வந்தேன். திருத்த வந்தவள் கண்டதை மறைத்தால், முதலில் சொன்னதற்கு என்ன மதிப்பு?

"ஒரு அடி முன்னுக்கு வச்சவர்" என்றேன். பிறகு, இன்னொரு பிழைக்கு இடம் வைக்காமல், "ஒரு அடி முன்னாடி வெச்சார்" என்று இந்த ஊர்த் தமிழில் மறுபடி சொன்னேன். தாரணியின் கை என் முழங்கையை இறுக்கியது.

"வெளயாட்டுக்கு ஓங்கினவன் எதுக்கு முன்னாடி வரணும்?"

"எனக்குத் தெரியாது. நான் கண்டது அவருடைய கால். மனதை நான் காணவில்லை."

"புடிக்கத்தான் போனேன்னு சொல்றான். வண்டி வர்றதப் பாத்துட்டு அவனப் புடிக்கப் போனானாம். உள்ள உக்காரவெச்சா எல்லாரும் இதான்மா சொல்லுவான்."

பெஞ்சிலிருந்து மணியின் குரல் வந்தது. "ஒரு அடி இல்ல டீச்சரம்மா, ரெண்டு. நீங்க ஒண்ணுதான் பாத்தீங்கோ. ரெண்டாவதுலதான் அவன் எனக்கு எட்னான்."

"நீ சும்மா இருய்யா" என்றார் ரைட்டர்.

தனக்கு எதிரான அடிகளைக் கூட்டிச் சொல்லும் மனிதனை எப்படி எடைபோடுவது? வெள்ளந்தியா? அல்லது, மேலும் ஒரு அடி இருந்தால் மீட்கப் போனதாகத் தோன்றும் என்ற கணக்கா? வாசித்த பக்கங்கள் எதிலும் இதற்கு விடை இல்லை. ஒரே கால், ஒரே இடம், ஒரே கணம். வெட்டப் போன மனமும் பிடிக்கப் போன மனமும் அந்தக் காலை ஒரே மாதிரித்தான் தூக்கிவைத்திருக்கும்.

"செல்வம் கண்ணு முழிச்சிட்டானாம். இங்க வேலைய முடிச்சிட்டு அங்கதான் போறேன்" என்றார் உதவி ஆய்வாளர். "அவன் வாயால என்ன வருதோ அதான். வேணும்னே பண்ணான்னு சொன்னான்னா, ஆயுதத்தால தாக்கினதுன்னு போட்டு நாளைக்குக் கோர்ட்ல நிறுத்தணும். ஜாமீனெல்லாம் என் கையில இல்ல."

ஆயுதம். காலையில் அது இளநி வெட்டும் கத்தி.

6

அங்கிருந்து மருத்துவமனைக்குப் போனது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன். சாட்சி, அடிபட்டவரைப் போய்ப் பார்க்கலாமா? தெருக்காரி என்ற முறையில் போகாமல் இருக்கலாமா? வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று ஆட்டோவிலேயே தாரணியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனோம்.

செல்வத்தின் கால் மாவுக்கட்டில் இருந்தது. தலையிலும் ஒரு கட்டு. நெருக்கடி நிறைந்த அந்தப் பொது வார்டில் அவர் குரல் மட்டும் முன்போலவே இருந்தது.

"வாங்க டீச்சர். பாத்தீங்களா நம்ம நெலமய? ஊர்ல இன்னா பேசிக்கிறாங்கன்னா, மணியப் பாத்து நான் பயந்து ஓடினேனாம். நானா? அவனப் பாத்தா? இளநி வெட்டற கத்திக்கா? அசிங்கமா கீது டீச்சர்."

"பயப்படாத ஆளுதான் பல்டி அடிச்சி வியுந்தியா?" என்றார் தேவி. அழுது வீங்கிய முகம். "கால ஒடச்சி வெச்சிருக்கான். ஆட்டோ ஓட்டாம மூணு மாசம் இன்னா பண்ணுவ? அவன நான் சும்மா வுடப் போறதில்ல."

நான் சாத்துக்குடிப் பையை மேசையில் வைத்தேன்.

தேவி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்தார். "இதப் பாருங்க டீச்சர். பொங்கலுக்கு எட்த்த சட்ட. கத்திய ஓங்கினது பத்தாதுன்னு சட்டையப் புடிச்சி இஸ்து கிய்ச்சிருக்கான் படுபாவி. போலீஸ் வரட்டும், காட்டறேன்."

சட்டையை விரித்துக் காட்டினார். மார்புப் பை பாதிக்குமேல் பிய்ந்து முன்பக்கமாகத் தொங்கியது. மேல் பொத்தான் இரண்டும் இருந்த இடத்தில் துணியே இல்லை. ஒருவரைத் தள்ளினால் சட்டை இப்படிக் கிழியாது; தன் பக்கமாக இழுத்தால்தான் கிழியும். தாரணி வாயைத் திறந்தாள். அவள் கையை அழுத்தினேன். ஏன் இழுத்தார் என்ற அதே கேள்விதான் என் வாயிலும் நின்றது. சாட்சியின் வாயிலிருந்து அது வரக்கூடாது.

"இன்னா சொன்ன?" என்றார் செல்வம்.

"கிய்ச்சிருக்கான்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"சட்டையப் புடிச்சி இஸ்துன்னு..."

செல்வம் கையை நீட்டிச் சட்டையை வாங்கினார். தொங்கிய பையை மறுபடி அதன் இடத்தில் வைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு தன் மார்பைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தை நான் பார்க்காமலிருக்க முயன்றேன், முடியவில்லை. ஒரு மனிதர் தன் நினைவை, அது இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுத் தேடுவதை அதுவரை நான் கண்டதில்லை.

அந்நேரம் உதவி ஆய்வாளர் ரைட்டரோடு வந்தார். எங்களைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. நீயும் போம்மா" என்று தேவியையும் அனுப்பினார். மூவரும் நடைவழியில் நின்றோம். வார்டுக்குக் கதவு இல்லை; ஒரு பச்சைத் திரைதான். குரல்களை அது மறைக்கவில்லை.

"சொல்லுப்பா. என்ன நடந்துச்சு? நீ ஏன் ரோட்டுக்குப் போன?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். தேவி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"பயந்துட்டேன் சார்" என்றார் செல்வம்.

"யாரப் பாத்து?"

"மணியப் பாத்து. தெனமும் ஓங்குவான், நானும் குதிப்பேன். இன்னிக்கு இன்னமோ கத்தி ரொம்பக் கிட்ட வந்தா மாதிரி இருந்துச்சி. நெஜமாவே பயந்துட்டேன். ரெண்டு எட்டு அதிகமா பின்னால போய்ட்டேன். வண்டி வர்றத நான் பாக்கல, அவன் பாத்தான். கத்தியக் கீய போட்டுட்டு சட்டையப் புடிச்சி அவன் பக்கமா இஸ்தான் சார். சட்டதான் கையோட வந்திச்சி."

"இத யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? வெளிய அந்த டீச்சர் நிக்கிறாங்க."

"அவங்களா? வந்ததுலேர்ந்து வாயே தொறக்கல சார். சட்டையக் காட்டினது என் பொண்டாட்டி. அதுவும் அவன உள்ள தள்றதுக்கு."

தேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ரைட்டர் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"அப்ப ஆயுதம், தாக்குதல் எல்லாம் நிக்காது" என்றார் உதவி ஆய்வாளர். "ஆனா கத்திய வெச்சிக்கிட்டு ரோட்டோரம் வெளயாடினது வெளயாடினதுதான்யா. அஜாக்கிரதைன்னு போட்டு, ஸ்டேஷன்லயே ஜாமீன்ல விட்டுடறேன்."

"போடுங்க சார். யாரோட அஜாக்கிரத?"

"மணியோடதுதான். பின்ன?"

"எனக்கும் பாதி போடுங்க. மிச்சத்த அந்தச் சட்டையத் தெச்சான் பாருங்க, அவனுக்குப் போடுங்க. தையல் ஒயுங்கா நின்னிருந்தா நான் இந்நேரம் சவாரில இருப்பேன்."